டெல்டா மண்ணில் இறங்கும் காற்று

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுடையது ஓட்டு வீடு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் முற்றத்தில் அண்டாவைத் தூக்கி வைக்க ஓடுவோம். அப்பாயி விட மாட்டார்கள். "இருங்கடா, மொதத் தண்ணி போவட்டும், அப்புறம் வைங்க" என்பார்கள். ஓட்டுத் தூசியும் காக்கை எச்சமும் கழுவிப் போகட்டும் என்று சொல்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். வேதியியல் படித்த பிறகுதான் புரிந்தது, அந்த முதல் கால்மணி நேரத்தில் கூரையோடு வானமும் கழுவப்படுகிறது. பல வாரமாகக் காற்றில் மிதந்துகொண்டிருந்த தூசி, புகைத்துகள், உப்பு, கரையும் வாயுக்கள் எல்லாம் முதல் சில மில்லிமீட்டர் மழையில்தான் பெரும்பாலும் இறங்குகின்றன. ஓர் எவர்சில்வர் தட்டை மொட்டைமாடியில் வைத்து அந்த முதல் மழையைப் பிடித்து, வெயிலில் வற்ற விட்டுப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும்.

அண்டாவில் விழுந்ததை நாம் கொட்டிவிடலாம். வயலில் விழுந்ததை யார் கொட்டுவது? காவிரி டெல்டாவின் மண்ணும், வாய்க்காலும், குளமும் அதை வாங்கி என்ன செய்கின்றன என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. சுத்தமான மழைகூடக் கொஞ்சம் புளிப்புதான். காற்றிலுள்ள கரியமில வாயு நீரில் கரைந்து மெல்லிய அமிலமாவதால் அதன் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 5.6 இருக்கும். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போகக் காரம். இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். நிலக்கரி, எண்ணெய் எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு காற்றில் கந்தக அமிலமாகிறது. வண்டிப் புகையிலும் மின் நிலையப் புகையிலும் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகின்றன. இவை மழையோடு மட்டும் வருவதில்லை. மழையே இல்லாத மாசி, பங்குனியில்கூட வாயுவாகவும் தூளாகவும் இலை மேலும் மண் மேலும் நேரடியாகப் படிந்துகொண்டே இருக்கின்றன.

இதை முதலில் கவனித்து எழுதியவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். 1852இல், ஆலைப் புகை சூழ்ந்த மான்செஸ்டர் நகரத்து மழையைச் சோதித்துச் சொன்னார். நூறு வருடம் கழித்துத்தான் அதன் முழு விலை தெரிந்தது. சுவீடனிலும் நார்வேயிலும் ஆயிரக்கணக்கான ஏரிகளில் மீன் அற்றுப்போனது. அந்த ஏரிகளின் கரையில் ஆலை எதுவும் கிடையாது. புகை பிரிட்டனிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் வந்தது. உள்ளூர்க்காரர்கள் இருமக் கூடாது என்று புகைபோக்கியை உயர்த்திக் கட்டினார்கள். புகை அடுத்த நாட்டில் போய் இறங்கியது. மீனைக் கொன்றதில் அமிலத்தைவிட அலுமினியத்துக்குத்தான் பெரிய பங்கு. மண்ணின் பி.எச். 5க்குக் கீழே போனால், களிமண்ணுக்குள் பூட்டிக் கிடக்கும் அலுமினியம் கரைந்து ஓடைக்கு வந்துவிடும். மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைக்கும்.

நம்மிடம் ஏன் அப்படி நடக்கவில்லை? இந்தியாவின் பல இடங்களில் மழைநீர் அவ்வளவு புளிப்பாக இல்லை என்றே அளவீடுகள் காட்டியிருக்கின்றன. நம் காற்றில் புழுதி அதிகம், அந்தப் புழுதியில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அப்புறம் மாட்டுத்தொழுவமும் யூரியா போட்ட வயலும் விடும் அமோனியா. இரண்டும் மேகத்திலேயே அமிலத்தைச் சமன் செய்துவிடுகின்றன. இதைப் பார்த்துவிட்டு "நம்ம மழை நல்ல மழைதான்" என்று சிலர் பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மழைநீரின் பி.எச். மதிப்பு பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

மண்ணுக்கு வருவோம். காலங்காலமாகக் காவிரிப் பாசனம் நடக்கும் பழைய டெல்டாவின் கருங்களியும் வண்டலும் அமிலத்தைத் தாங்குவதில் கெட்டிக்கார மண். களிமண்ணின் ஒவ்வொரு துகளும் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற சத்துகளைக் கடைக்காரர் கல்லாவில் சில்லறை வைத்திருப்பது போலத் தன் மேல் ஒட்டி வைத்திருக்கும். அமிலம் வந்தால் அதை வாங்கிக்கொண்டு ஒரு கால்சியத்தை வெளியே விடும். பி.எச். அசையாது. கூடவே பல வயல்களில் ஒன்றரை அடி, இரண்டடி தோண்டினால் வெள்ளைச் சுக்கான் கற்கள் கிடைக்கும். அவை சுண்ணாம்புக் கட்டிகள். அமிலம் பட்டால் நுரைத்துக் கரைந்து அதை முறித்துவிடும். இன்னொரு காவலும் உண்டு. அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் என்ற உப்பை ஆற்று நீரே சுமந்துகொண்டு வருகிறது. குடகு மலையின் மென்மையான ஓடை நீராகப் புறப்படும் காவிரி, கர்நாடகச் சமவெளியையும் கொங்கு நாட்டையும் கடந்து கல்லணைக்கு வருவதற்குள் பாறையையும் மண்ணையும் கரைத்து நன்றாகக் காரமாகிவிடும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கே ஆச்சரியம். வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் மழை, அதன் பி.எச். 5 என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் விழும் அந்த மொத்த அமிலத்தையும் முறிக்க 2 கிலோ சுண்ணாம்புக்கல் போதும். பி.எச். 4 என்றால் 20 கிலோ. இன்னொரு பக்கம், லிட்டருக்கு 100 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமமான பைகார்பனேட் உள்ள வாய்க்கால் நீரை ஒரே ஒரு தடவை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிறுத்தினால், அந்த ஏக்கருக்கு 40 கிலோ சுண்ணாம்புக்கு நிகரானது வந்து சேர்ந்துவிடும். ஆக, மேட்டூரில் திறந்த தண்ணீர் ஒழுங்காக மடை வரை வந்தாலே, மழையின் புளிப்பு பழைய டெல்டாவை ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டாத இடத்தில் பயமுறுத்துவது சரியில்லை என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு.

முதலாவது அமோனியா. மேகத்தில் அமிலத்தைச் சமன் செய்து நமக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும் அதே அமோனியா, அம்மோனியம் சல்பேட்டாக மண்ணில் இறங்கியதும் வேறு வேலை செய்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஒவ்வொரு அம்மோனியத்தையும் நைட்ரேட்டாக மாற்றும்போது இரண்டு அமில அயனிகளை வெளிவிடுகின்றன. அந்த நைட்ரேட்டைப் பயிர் எடுத்துக்கொண்டால் அமிலத்தில் பாதி திரும்பச் சமன் ஆகும். எடுக்காமல் கீழே கழுவிப் போனால், மேகத்தில் முறிக்கப்பட்டதைப்போல இரண்டு மடங்கு அமிலம் மண்ணில் மிஞ்சும். மழையில் பி.எச். பார்க்கும்போது இந்த அமிலம் தெரியாது. மண்ணில் இறங்கிய பிறகுதான் பிறக்கிறது.

இந்த அமோனியாவில் நம் பங்கும் இருக்கிறது. நடவு முடிந்து மேலுரமாக யூரியா விசிறிய வயலில் மத்தியானம் போய் நின்று பாருங்கள். நிற்கும் தண்ணீரில் பாசி வெயிலைக் குடித்துக் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால், உச்சி வேளையில் அந்த நீரின் பி.எச். 9ஐக்கூடத் தொடும். அந்த அளவு காரத்தில் அம்மோனியம் நீரில் தங்காது. அமோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். காற்றில்லாத நாளில் வரப்பில் நின்றால் மூக்கில் லேசாகக் குத்தும். மூட்டைக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு அப்படி மேலே போய், புகையின் கந்தகத்தோடு சேர்ந்து, வேறு யாரோ ஒருவர் வயலில் துகளாக இறங்குகிறது. நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும்: ஒரு மூட்டை யூரியா, அதாவது 45 கிலோ, முழுக்க நைட்ரேட்டாகிப் பயிருக்குக் கிடைக்காமல் கழுவிப்போனால், அந்த அமிலத்தை முறிக்க 70 கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு தேவைப்படும். மேலே சொன்ன மழைக் கணக்கோடு ஒப்பிட்டால், வானத்தைவிட நம் கையே மண்ணை அதிகம் புளிக்க வைக்கக்கூடியது.

ஆனால் நெல் வயலுக்கு ஒரு வரம் உண்டு. தண்ணீர் நிற்பதுதான் அந்த வரம். இலங்கையில் பிறந்து பிலிப்பைன்ஸ் நாட்டுப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பொன்னம்பெரும என்ற விஞ்ஞானி, நீர் தேங்கிய மண்ணின் வேதியியலை 1970களில் தெளிவாக விளக்கினார். தண்ணீர் நின்றதும் மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். நுண்ணுயிர்கள் மூச்சுவிட நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று வரிசையாக ஒவ்வொன்றையும் பயன்படுத்தும். இந்த மாற்றங்கள் அமிலத்தை உறிஞ்சும். அதனால் புளிப்பு மண் 7ஐ நோக்கி ஏறும். சேற்றில் தேங்கும் கரியமில வாயுவால் கார மண் 7ஐ நோக்கி இறங்கும். இரண்டும் சில வாரங்களில் நடந்துவிடும். நம் முன்னோர்கள் தண்ணீர் கட்டி நெல் விளைவித்ததில் மண்ணுக்குள் நடந்த வைத்தியம் இது.

வைத்தியத்துக்கு ஒரு வாசனை உண்டு. கார்த்திகையில் சம்பா வயலுக்குள் கால் வையுங்கள். முழங்கால் அளவு இறங்கும்போது குமிழ் குமிழாகக் காற்று வரும். அதில் ஒரு அழுகிய முட்டை நாற்றம். அதுதான் ஹைட்ரஜன் சல்பைடு. கந்தக உப்பான சல்பேட்டை நுண்ணுயிர்கள் சுவாசித்து விட்ட மிச்சம். மண்ணில் இரும்பு போதுமான அளவு இருந்தால் அது இரும்போடு சேர்ந்து கறுப்புச் சேறாக அடங்கிவிடும். ஒரு நெல் தூரைப் பிடுங்கிச் சேற்றை அலசிப் பாருங்கள். வேரில் துரு நிறம் படிந்திருந்தால் வேர் தன்னைச் சுற்றி ஆக்சிஜன் விட்டுக் காத்துக்கொள்கிறது, கவலை இல்லை. வேர் முழுக்கக் கறுத்து நாறினால் சல்பைடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். பயிர் சத்தெடுக்கத் திணறும். வயலுக்குச் சல்பேட் பல வழிகளில் வருகிறது. உரம் ஒரு வழி, வேதாரண்யம் பக்கத்துக் கடற்காற்றின் உப்பு ஒரு வழி, புகை இன்னொரு வழி. புகையிலிருந்து வருவது சிறிய பங்காக இருக்கலாம். ஆனால் வருடம் தவறாமல் வருகிறது, நாம் கேட்காமலே வருகிறது.

கந்தகம் முழுக்கக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். பயிருக்கு அது தேவையான சத்து. ஐரோப்பாவில் புகையிலிருந்து கந்தகத்தைக் குறைத்த பிறகு, சில பயிர்களுக்குக் கந்தக உரம் போட வேண்டி வந்தது. சல்பேட் மிகுந்த வயலில் மீத்தேன் குறைவாக வெளியாகும் என்பதும் உண்மை; சல்பேட்டைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேன் நுண்ணுயிர்களின் உணவைத் தட்டிப் பறித்துக்கொள்கின்றன.

என்னை உறுத்துவது பாதரசம். நிலக்கரியிலும் பழுப்பு நிலக்கரியிலும் பாதரசம் மிக நுண்ணிய அளவில் இருக்கிறது. எரிக்கும்போது வாயுவாகக் கிளம்பி, எங்கோ மழையோடும் தூசியோடும் இறங்குகிறது. உலர்ந்த மண்ணில் விழுந்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் விழுந்தால், சல்பேட்டைச் சுவாசிக்கும் அதே நுண்ணுயிர்களும் அவற்றின் கூட்டாளிகளும் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். உடலில் சேரும் வகை அது. குளத்து மீனில் ஏறும். சீனாவின் குய்சோ மாகாணத்தில் பாதரசச் சுரங்கங்களுக்கு அருகே விளைந்த அரிசியிலும் ஏறியிருப்பதைக் கண்டார்கள். நம் டெல்டா அப்படிப்பட்ட சுரங்கப் பகுதி இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது. ஆனால் நெல் வயலின் சேறும் சல்பேட்டும் பாதரசமும் ஒன்று சேரும்போது எந்தத் திசையில் வேதியியல் நகரும் என்பதை அது காட்டிவிட்டது. இதற்குச் சுக்கான் கல்லும் காவல் இல்லை, காவிரியின் பைகார்பனேட்டும் காவல் இல்லை.

அடுத்து வறட்சி. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, ஆற்றிலும் தண்ணீர் இல்லாமல் போனபோது டெல்டா வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வெடிப்பில் கை முழுக்க உள்ளே போகும். கையோடு காற்றும் போகும். கறுப்புச் சேறாக அடங்கிக் கிடந்த இரும்பு சல்பைடு ஆக்சிஜனைப் பார்த்ததும் திரும்பக் கந்தக அமிலமாகிறது. கனடாவின் சதுப்பு நிலங்களில் இதை அளந்திருக்கிறார்கள்: புகை குறைந்து பல வருடம் ஆன பிறகும், வறட்சி முடிந்து முதல் மழை பெய்ததும் பழைய கந்தகம் அமிலமாக ஓடைக்கு வந்தது. நம் களிமண் அதைச் சமாளிக்கும். ஆனால் கவனியுங்கள், காவிரி வராத வருடத்தில் பைகார்பனேட்டும் வருவதில்லை. தாங்கு சக்தி குறையும் வருடமும், மண் அமிலத்தைக் கக்கும் வருடமும் ஒரே வருடமாக அமைகின்றன. கடைமடைக்காரர்களுக்கு இது இரட்டை அடி.

தாங்கு சக்திக்கு வரவு வேறு குறைந்துவிட்டது. இந்த டெல்டாவே வண்டல் கொண்டுவந்து கொட்டிய சொத்து. ஒவ்வொரு வெள்ளமும் புதிய கனிமங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். அவை மெல்லச் சிதைந்து கால்சியமும் மக்னீசியமும் கொடுக்கும். 1930களில் கிருஷ்ணராஜசாகரும் மேட்டூரும் வந்தன. பாசனத்துக்கு அவை செய்த உதவி பெரிது. ஆனால் வண்டல் அணைக்குப் பின்னால் படிந்துபோகிறது. குளத்து வண்டலை மாட்டு வண்டியில் அடித்து வயலில் கொட்டிய பழக்கத்துக்கு இந்தக் கோணத்தில் பெரிய மதிப்பு உண்டு.

காவல் மெலிந்த இடம் எது என்று கேட்டால், தஞ்சாவூருக்குத் தெற்கே போங்கள். வல்லம் தாண்டியதும் செம்புறைக் கல்லும் செம்மண்ணும் வந்துவிடும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் 1934இல் கல்லணைக் கால்வாய் வந்த பிறகு பாசனம் பெற்ற புது டெல்டாவின் பெரும்பகுதி இப்படித்தான். மணல் கலந்த இந்த மண்ணில் களி குறைவு, கல்லா சிறியது. சுக்கானும் அரிது. அதே மழை, அதே புகை, அதே யூரியா இங்கே விழுந்தால் பி.எச். சீக்கிரம் அசையும். தென்னந்தோப்பிலும் கடலைக் கொல்லையிலும் தண்ணீர் நிற்பதில்லை என்பதால் நெல் வயலின் வைத்தியமும் கிடையாது. டெல்டா என்று ஒரே பெயரில் அழைத்தாலும் பழைய டெல்டாவும் வல்லமும் மண்ணின் கணக்கில் இரண்டு நாடுகள்.

குளங்களும் அப்படியே. ஆற்றுத் தண்ணீர் நிரப்பும் குளத்துக்குப் பயமில்லை. வாய்க்கால் தூர்ந்து, மழையை மட்டும் நம்பி நிற்கும் செம்மண் குளத்தில் பைகார்பனேட் குறைவு. காற்றிலிருந்து இறங்கும் நைட்ரஜன் அதற்கு உரமாகவும் வேலை செய்யும். வாய்க்காலை ஆகாயத்தாமரை மூடுவதற்குச் சாக்கடையும் வயல் வடிகாலும்தான் முதல் காரணம். காற்றின் பங்கு அதற்குப் பின்னால்தான். ஆனால் சாக்கடை கலக்காத ஒதுக்குப்புறக் குளமும் பச்சையாகிறது என்றால் மேலேயும் பார்க்க வேண்டும்.

காற்றிலிருந்து வருவதெல்லாம் அமிலம் என்றும் நினைக்க வேண்டாம். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலைகளும் இருக்கின்றன. அந்தத் தூசி காரம். ஏற்கெனவே காரமாக உள்ள களிமண்ணில் காரம் கூடினால் துத்தநாகம் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் நெல் இலையில் துருப்புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நின்றால், டெல்டா விவசாயி உடனே துத்தநாக சல்பேட் வாங்கப் போவார். அதற்கு மண்ணின் இயல்புதான் பெரிய காரணம். ஆலைத் தூசி படியும் கிராமங்களில் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாகூர்ப் பக்கம் துறைமுக நிலக்கரித் தூள் வீட்டுத் திண்ணையில் படிகிறது என்று மக்கள் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள்; திண்ணையில் படிவது குளத்திலும் படியும்.

புகை எங்கிருந்து வருகிறது? நெய்வேலியில் 1962லிருந்து பழுப்பு நிலக்கரி எரிகிறது. வாடைக்காற்று வீசும் நாட்களில் அந்தப் புகை தெற்கும் தென்மேற்குமாக நகரும். கீழணையும் வீராணமும் அந்தத் திசையில்தான் இருக்கின்றன. ஆற்றின் மேல்புறம் மேட்டூரில் அனல் மின் நிலையம். உள்ளூரில் செங்கல் சூளைகள். சூளை மண் வேகும்போது கந்தகத்தோடு ஃபுளூரைடும் வெளிவரும். வைக்கோலை எரிக்கும் பழக்கம் டெல்டாவில் வடக்கே போல இல்லை, மாட்டுக்கும் கட்டு கட்டி விற்பதற்கும் போய்விடுகிறது. அது நீடிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2020இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. புதிதாக ஹைட்ரோகார்பன் கிணறு தோண்டவும், தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவை வரவும் தடை. நல்ல சட்டம், மனதார வரவேற்றேன். ஆனால் அது நிலத்தில் எல்லைக்கோடு போடுகிறது. புகை அந்தக் கோட்டுக்கு வெளியே கிளம்பி உள்ளே இறங்குகிறது. அதைக் கட்டுப்படுத்த வேண்டியது வேறு விதி. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு விதித்தது. காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. குறைவுதான். ஆனால் எரிக்கும் அளவு குறைவில்லை. புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் கழுவினால் கந்தகம் ஜிப்சமாகப் புகைபோக்கியிலேயே நின்றுவிடும். ஒரு கிலோ கந்தக அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சுண்ணாம்புக்கல் எங்கேயாவது செலவாகித்தான் தீர வேண்டும். அதை ஆலை செலவழிக்கவில்லை என்றால் ஒரத்தநாட்டு விவசாயியின் செம்மண் செலவழிக்கும், அதற்கு அவரிடம் இருப்போ குறைவு.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? மழைநீரில் பி.எச். மட்டும் பார்த்தால் போதாது. அம்மோனியம், நைட்ரேட், சல்பேட், கால்சியம் நான்கும் சேர்த்து அளக்க வேண்டும். ஆடுதுறையில் 1922லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மைக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. பழைய டெல்டாவில் ஓர் இடம், புது டெல்டாவில் ஓர் இடம், கடலோரத்தில் ஓர் இடம் என்று வைத்து வருடா வருடம் அளந்தால் பத்து வருடத்தில் ஒரு தெளிவு வந்துவிடும்.

விவசாயி கையில் மண்வள அட்டை இருக்கிறது. அதில் பி.எச்., கரிமச் சத்து, கந்தகம், துத்தநாகம் எல்லாம் வரும். மண் மாதிரி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் நிற்கும் வயலில் எடுத்த மண்ணும், கோடையில் காய்ந்த பிறகு எடுத்த மண்ணும் வேறு வேறு எண்ணைக் காட்டும். கோடை உழவுக்கு முன்னால் சித்திரையில், அரையடி ஆழத்தில், ஒவ்வொரு முறையும் அதே வயலில் அதே மூலைகளில் எடுங்கள். பழைய அட்டையைத் தூக்கி எறியாமல் புதிய அட்டையோடு சேர்த்து வையுங்கள். செம்மண் வயலில் மூன்று அட்டைகளில் பி.எச். 6.4, 6.1, 5.8 என்று வரிசையாக இறங்கினால், சுண்ணாம்பு போடுவதைப் பற்றி வேளாண் அலுவலரிடம் பேச வேண்டிய நேரம் அதுதான். 5 வரும் வரை காத்திருந்தால் அலுமினியம் கிளம்பிவிடும்.